ஓரம் கொதிக்கும், நடு குளிரும்: மைக்ரோவேவ் சமையலின் சூட்சுமம்

மைக்ரோவேவ் ஓவனில் மூன்று நிமிடம் வைத்து எடுத்த பிரியாணித் தட்டில் ஓரத்துச் சோறு நாக்கைச் சுடும். நடுவில் புதைந்த கோழித்துண்டு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடியே சில்லென்று இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு ஓவனின் பழுதல்ல. அந்தக் கருவி வேலை செய்யும் விதத்திலேயே அது அடங்கியிருக்கிறது. ருசி கெடுவது இதனால் வரும் சின்னத் தொல்லை. சூடு எட்டாத இடத்தில் கிருமிகள் உயிரோடு தப்பிவிடுவதுதான் பெரிய தொல்லை. ஆகவே மைக்ரோவேவில் சமைப்பவர் பார்க்க வேண்டியது ஆவி பறக்கும் இடத்தை அல்ல, தட்டிலேயே மிகக் குளிர்ந்த இடத்தை. பரப்பி வைப்பது, மூடுவது, கிளறுவது, காத்திருப்பது என்று சொல்லப்படும் உத்திகள் எல்லாம் அந்த ஓரிடத்துக்குச் சூட்டைக் கொண்டுசேர்ப்பதற்கானவைதான்.

அலை எங்கே படுகிறது?

ஓவனுக்குள் அலையைப் பிறப்பிப்பது மேக்னட்ரான் என்ற குழல். அதன் ஆற்றல் மிக்க வடிவத்தை இரண்டாம் உலகப் போர்க்கால ரேடாருக்காக ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், அதே அலையால் உணவைச் சூடாக்கும் முறைக்கு 1945-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் ஆள் உயரம் இருந்தது. எடை 300 கிலோவுக்கும் மேல். அமெரிக்க வீடுகளின் சமையல் மேடையில் ஏறும் அளவுக்கு அது சிறுத்து வர 1967 ஆகிவிட்டது.

இன்றைய வீட்டு ஓவன்கள் 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. அதாவது அலையின் மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை திசை மாறி மாறி ஊசலாடுகிறது. நீர் மூலக்கூறின் ஒரு முனை சற்றே நேர்மின் தன்மையும் மறுமுனை எதிர்மின் தன்மையும் கொண்டது. புலம் திரும்பும்போதெல்லாம் மூலக்கூறும் கூடவே திரும்ப முயல்கிறது. பக்கத்து மூலக்கூறுகளோடு இடித்து முட்டி அந்த ஆற்றலை வெப்பமாக்குகிறது. உணவில் கரைந்த உப்பின் அயனிகளும் இப்படியே அலைக்கழிந்து சூடேறுகின்றன.

மைக்ரோவேவ் உணவை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஈரமான உணவுக்குள் அலை 1 முதல் 3 செ.மீ. ஆழம் போவதற்குள்ளாகவே அதன் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதிக்குச் சூடு, அடுப்பில் வைத்த பண்டத்தில் போலவே, வெளியடுக்கிலிருந்து மெல்லக் கடந்துதான் போக வேண்டும். உப்பு கூடினால் அலை இறங்கும் ஆழம் இன்னும் குறையும். ஃப்ரிட்ஜில் உறைந்தாற்போல் கெட்டிப்பட்ட சாம்பாரும் காரக்குழம்பும் மேலே கொதித்துத் தெறிக்க, கரண்டியை உள்ளே விட்டால் நடுவில் சில்லென்று இருப்பது இதனால்தான்.

விளிம்பிலும் மூலையிலும் வேறு சிக்கல். சதுர டப்பாவின் மூலைக்கு அலை இரண்டு மூன்று பக்கங்களிலிருந்து வந்து சேர்கிறது. அங்கே உணவு காய்ந்து கருகும்போது நடு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஐந்தாறு செ.மீ.க்கு உட்பட்ட உருண்டைப் பொருள்களில் மட்டும் கதை தலைகீழ். வளைந்த மேற்பரப்பு அலையை முறித்து மையத்தில் குவித்துவிடும். முட்டை அந்த அளவில்தான் இருக்கிறது. அது ஏன் ஆபத்தானது என்பது பின்னால் வரும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓவன் பெட்டிக்குள்ளேயே அலை சமமாகப் பரவியிருப்பதில்லை. உலோகச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்தும் நிலைத்துவிடுகின்றன. இதைக் கண்ணால் பார்க்க ஓர் அப்பளக் கட்டு போதும். கண்ணாடித் தட்டையும் அதைச் சுழற்றும் வளையத்தையும் எடுத்துவிட்டு, நடுவில் உள்ள அச்சில் படாதபடி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு பெரிய பீங்கான் தட்டை வைத்து அப்பளங்களை நெருக்கமாகப் பரப்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட விட்டு, வாசம் வந்ததும் நிறுத்திப் பார்த்தால், ஒரே அப்பளத்தில் ஒரு திட்டு பொரிந்து வெளுத்திருக்கும். இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு திட்டு பச்சையாகவே கிடக்கும். அலைநீளம் சுமார் 12 செ.மீ. என்பதால் பொரிந்த திட்டுகளுக்கு இடையே பல இடங்களில் அதில் பாதி, அதாவது ஏறக்குறைய 6 செ.மீ. இடைவெளி இருக்கும்.

சுழலும் தட்டு இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் வந்தது. ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1966-இல் சுழல்தட்டு வைத்த ஓவனைக் கொண்டுவந்தது. உணவு சுழலும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் சூடான திட்டையும் குளிர்ந்த திட்டையும் மாறி மாறிக் கடக்கிறது. தட்டின் நடு மட்டும் விதிவிலக்கு. அது நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒற்றைக் கிண்ணத்தைச் சரியாக நடுவில் வைப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். சற்றுத் தள்ளி விளிம்போரம் வைத்தால் அந்தக் கிண்ணம் ஒரு வட்டப் பாதையில் பயணித்து இன்னும் சீராகச் சூடேறும்.

எத்தனை வாட்?

சமையல் குறிப்பில் ‘ஆறு நிமிடம்’ என்று இருந்தால், எத்தனை வாட் ஓவனில் ஆறு நிமிடம் என்று கேட்காமல் அதற்குப் பொருளில்லை. ஓவனின் பின்புறத் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். 1,200 வாட் என்பதுபோல் பெரிதாக இருப்பது சுவரிலிருந்து அது இழுக்கும் மின்சாரம். 700 அல்லது 800 என்று சிறிதாக இருப்பதுதான் அலையாக வெளிவருவது. சமையலுக்குக் கணக்கு இரண்டாவது எண். 1,000 வாட் ஓவனுக்கு 6 நிமிடம் என்று எழுதிய குறிப்பு, 800 வாட் ஓவனில் ஏழரை நிமிடம் ஆகும்.

தகட்டில் இருப்பது புதிய ஓவனின் அளவு. மேக்னட்ரான் வயதாக ஆக வலுவிழக்கும்; மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் வகை ஓவனின் சூடும் கூடவே இறங்கும். உண்மை நிலவரத்தை வீட்டிலேயே அளக்கலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீர் எடுத்து அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு பவரில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டி, கலக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கூடிய ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 70 வாட். தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 38-க்கு ஏறினால் ஓவன் தருவது 700 வாட். தகட்டில் 800 என்று அச்சடித்திருந்தாலும் கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்த 700-தான்.

உணவின் அளவு கூடினால் நேரமும் கூடும் என்பதை இட்லிக் கொப்பரையில் பழகிய கை எளிதில் மறக்கும். கொப்பரையில் ஒரு தட்டு வைத்தாலும் நான்கு தட்டு வைத்தாலும் கிட்டத்தட்ட அதே பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். மைக்ரோவேவில் இருக்கும் அலை முழுவதையும் உள்ளே இருக்கும் உணவு பங்கு போட்டுக்கொள்கிறது. ஓர் உருளைக்கிழங்கு ஐந்து நிமிடத்தில் வெந்தால் இரண்டுக்கு ஒன்பது, பத்து நிமிடம் வேண்டும்.

இந்த விவரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் 2007-இல் நடந்த சம்பவம் சான்று. உறைந்த நிலையில் விற்கப்பட்ட, இறைச்சி பொதிந்த பை வகை உணவைச் சாப்பிட்டு 41 மாநிலங்களில் 401 பேர் சால்மோனெல்லா தொற்றுக்கு ஆளானார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதை மைக்ரோவேவில் சமைத்திருந்தார்கள். தங்கள் ஓவன் எத்தனை வாட் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. மாவு பொன்னிறமாகி ஆவி வந்தது. உள்ளே கிருமி சாகும் அளவுக்குச் சூடு போய்ச் சேரவில்லை.

பரப்பு, மூடு, கிளறு, காத்திரு

பிரியாணித் தட்டுக்கே திரும்பினால் எல்லா உத்திகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். டப்பாவில் அமுக்கி வைத்த குவியலை அப்படியே உள்ளே வைப்பது மிக மோசமான வழி. அகலமான பீங்கான் தட்டில் இரண்டு மூன்று செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். அந்த உயரத்துக்குள் அலை மேலும் கீழுமாக எட்டிவிடும். நடுவில் ஒரு குழி விட்டு வளையமாக அமைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் குளிர்ந்து கிடக்கும் நடுவே அங்கு இல்லாமல் போகிறது. கோழித்துண்டுகளைச் சோற்றிலிருந்து பிரித்து ஓரத்தில் அடுக்கி, காலின் சதைப்பற்றான பக்கம் வெளியே பார்க்கவும் எலும்பு முனை உள்ளே பார்க்கவும் வைக்க வேண்டும். பெரிய துண்டைப் பிய்த்துப் போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுத்து இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி போட வேண்டும். மூடி என்பது தெறிக்காமல் இருக்க மட்டும் அல்ல. உள்ளே தங்கும் நீராவி, அலை தவறவிட்ட இடங்களையும் தழுவிச் சூடாக்குகிறது. மேல்பரப்பில் கிருமியைக் கொல்வதில் காய்ந்த சூட்டைவிட ஈரச் சூடு வலியது. மூடியில் ஓர் ஓரம் சற்றுத் திறந்திருக்க வேண்டும். இறுக்கி மூடினால் ஆவி அழுத்தத்தில் அது எகிறும், திறக்கும் கையையும் சுடும். இட்லிக்கும் இதே வழிதான்: தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போர்த்தி, அரை நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பஞ்சாக இருக்கும். கூடுதலாக ஓடினால் ஈரம் போய் ரப்பராகிவிடும்.

பவரை எப்போதும் முழுதாக வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. பவர் பொத்தானை யாரும் தொடுவதே இல்லை. சாதாரண ஓவனில் 50 சதவீதம் என்றால் அலை பாதியாகக் குறைவதில்லை. மேக்னட்ரான் பாதி நேரம் முழு வேகத்தில் ஓடி, பாதி நேரம் ஓய்கிறது. காதைக் கொடுத்துக் கேட்டால் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் சில நொடிகள் எழுந்து, பிறகு விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். இன்வெர்ட்டர் வகை ஓவன்கள்தான் உண்மையிலேயே அலையின் வலுவைக் குறைத்துத் தருகின்றன. எந்த வகையானாலும் பயன் ஒன்றே: ஓய்வு நேரத்தில் ஓரத்துச் சூடு நடுவுக்கு நகர்கிறது. சோறு, பருப்பு, இறைச்சி எதையும் மீண்டும் சூடாக்க 60 முதல் 70 சதவீத பவரில் சற்று அதிக நேரம் ஓட்டுவது, முழு பவரில் அவசரமாக முடிப்பதைவிடச் சீராக வேலை செய்யும். வெறும் தண்ணீருக்கும் ரசம் போன்ற நீர்த்த பண்டத்துக்கும் முழு பவர் சரி. அவை தாமே கலந்துகொள்ளும்.

பாதி நேரத்தில் நிறுத்திக் கிளற வேண்டும். ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும், நடுவில் இருப்பதை ஓரத்துக்கும், அடியில் இருப்பதை மேலுக்கும் தள்ளுவதுதான் கிளறல். மேலோட்டமாக ஒரு சுற்றுச் சுற்றுவது அல்ல. கிளற முடியாத கட்லெட்டையும் மீன் துண்டையும் திருப்பிப் போட்டு, தட்டையும் அரைவட்டம் திருப்பி வைக்கலாம். ஒரே நிறுத்தத்தைவிட இரண்டு நிறுத்தம் மேல். செலவாவது பத்து நொடி.

மணி அடித்த பிறகும் சமையல் முடிவதில்லை. மூடியைத் திறக்காமல் இரண்டு மூன்று நிமிடம், பெரிய இறைச்சித் துண்டென்றால் பத்து நிமிடம் வரை, அப்படியே விட வேண்டும். ஓரத்துச் சூடு உள்ளே இறங்கி நடுவின் வெப்பநிலை உயர்வது இந்த நேரத்தில்தான். உறைந்த உணவுப் பொட்டலங்களில் கடைசி வரியாக அச்சிடப்படும் இந்தக் காத்திருப்பு ஒரு சம்பிரதாயம் அல்ல, சமையல் நேரத்தின் ஒரு பகுதி.

வெந்ததா என்பதற்குக் கண்ணும் மூக்கும் இங்கே நம்பத்தகாத சாட்சிகள். மீண்டும் சூடாக்கும் உணவும் கோழி இறைச்சியும் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை வகுத்த வரம்பு. குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஓவன் வாங்கியவர் அடுத்து வாங்க வேண்டிய பொருள் அதுதான். காத்திருப்பு முடிந்ததும் மூன்று நான்கு இடங்களில், முக்கியமாகத் தடித்த சதையிலும் குவியலின் நடுவிலும், எலும்பைத் தொடாமல் குத்திப் பார்க்க வேண்டும். அவற்றில் மிகக் குறைந்த எண்தான் அந்தத் தட்டின் வெப்பநிலை.

உறைந்ததை இளக்கும்போது

டிஃப்ராஸ்ட் செய்யும்போது ஏற்றத்தாழ்வு உச்சத்துக்குப் போகும். ஐஸ் கட்டியில் மூலக்கூறுகள் இறுகிப் பூட்டியிருப்பதால் இந்த அலையை அது உறிஞ்சுவதே அரிது. திரவ நீர் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உறிஞ்சும். உறைந்த மீன் பொட்டலத்தில் ஒரு முனை உருகிச் சொட்டு நீர் ஆனதும், வரும் ஆற்றலெல்லாம் அந்தச் சொட்டுக்கே போகிறது. அது மேலும் சூடேறி வெந்தே போகும். பக்கத்தில் மீன் கல்லாகக் கிடக்கும். 30 சதவீத பவரில் விட்டு விட்டு ஓட்டுவதும், உருகிய நீரை வடித்துவிடுவதும், இளகிய துண்டுகளைப் பிரித்து வெளியே எடுப்பதும்தான் இதற்கு வழி.

இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். சில பகுதிகள் ஏற்கெனவே கிருமி பெருகத் தோதான வெதுவெதுப்புக்கு வந்திருக்கும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது அந்த ஆபத்து மண்டலம். மறுபடி ஃப்ரீசரில் தள்ளுவதோ மாலைக்கு என்று எடுத்துவைப்பதோ கூடாது. அவசரம் இல்லையென்றால் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைப்பதே நல்லது.

சூட்டுக்கும் அடங்காதது

சோற்றின் விஷயத்தில் ஓவனை மட்டும் நம்புவது போதாது. அரிசியில் இயல்பாக இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வடித்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு அடுப்பு மேடையிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் ஒரு நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு கொதிநிலையைத் தாண்டிய சூட்டிலும் அழியாது. காலையில் வடித்து இரவு வரை வெளியில் இருந்த சோற்றை ஆவி பறக்கச் சுடவைத்தாலும் நச்சு அப்படியேதான் இருக்கும். மிஞ்சிய சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

முட்டை, தண்ணீர், பால்

ஓட்டோடு கூடிய முட்டையை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. வேகவைத்து உரித்த முட்டையும் பாதுகாப்பானது அல்ல. அலை குவியும் மஞ்சள் கருவுக்குள் நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறி, வெளியேற வழியின்றி அடைபட்டிருக்கும். ஓவனில் வெடிக்காமல் தட்டுக்கு வந்து, பல்லால் கடிக்கும் கணத்தில் வெடித்து வாயும் முகமும் வெந்தவர்கள் இருக்கிறார்கள். வெட்டிப் பாதியாக்கிச் சூடாக்குவதே வழி. தோல் மூடிய உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் முள்கரண்டியால் பல இடங்களில் குத்தியே வைக்க வேண்டும்.

வெறும் தண்ணீரும் ஏமாற்றும். வழவழப்பான புதுக் கோப்பையில் குமிழி தோன்றப் பிடிப்பு கிடைக்காததால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கும். அதில் காபிப் பொடியையோ டீ பையையோ போட்டதும் ஒரே மூச்சில் பொங்கிக் கையில் கொட்டும். மரக்கரண்டி ஒன்றை முன்பே கோப்பையில் போட்டு வைத்தால் குமிழிக்கு இடம் கிடைக்கும். ஓவன் நின்ற பிறகு அரை நிமிடம் விட்டு எடுப்பதும் நல்லது.

குழந்தையின் பால் புட்டியை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. புட்டி வெளியில் தொட இதமாக இருக்க, உள்ளே மேல்பகுதிப் பால் குழந்தையின் வாயைப் புண்ணாக்கும் சூட்டில் இருக்கலாம். வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை நிறுத்தி வைக்கும் பழைய வழியே சரி.

எந்தப் பாத்திரம்?

எவர்சில்வர் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கிண்ணத்துக்குள் இருக்கும் உணவுக்கு மேல்வாய் வழியாக மட்டுமே அலை கிடைக்கும். சுவரை நெருங்கினால் தீப்பொறி பறக்கும். கசங்கிய அலுமினியத் தாளும், தங்கக்கோடு போட்ட பீங்கானும் பொறி கிளப்புவதில் இன்னும் மோசம். கன்வெக்ஷன் முறையில் சூடான காற்று மட்டும் ஓடும்போது உலோகத் தட்டு சரி. அதே தட்டு மைக்ரோவேவ் முறையில் உள்ளே இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீங்கான் தட்டு தகுந்ததா என்று தெரியாவிட்டால் காலித் தட்டையும் பக்கத்தில் ஒரு கப் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீர் சூடாகித் தட்டு குளிர்ந்தே இருந்தால் தகுந்தது. தட்டு சுட்டால் அது அலையை உறிஞ்சுகிறது. மெலமைன் தட்டுகள் அப்படி உறிஞ்சுபவை, அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஹோட்டல் பார்சல் வரும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவும் சாம்பார் கட்டிய பாலிதீன் பையும் ஓவனுக்குப் போகவே கூடாது. எண்ணெய் மிதக்கும் குழம்பு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, அதிலுள்ள வேதிப்பொருள்கள் உணவில் இறங்கும். மைக்ரோவேவுக்கு உகந்தது என்று முத்திரை உள்ள டப்பாகூட உருகாது என்பதற்குத்தான் உத்தரவாதம். கண்ணாடியும் கோடில்லாத வெள்ளைப் பீங்கானும் கேள்விக்கு இடமில்லாதவை.

ஓவனின் கதவில் தெரியும் உலோக வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான், 12 செ.மீ. அலை அதன் வழியே கசிய வழியில்லை. கதவு கோணினாலோ, கீல் தளர்ந்தாலோ, மூடும் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாகச் சேர்ந்தாலோதான் கவலைப்பட வேண்டும். காலியாக ஓட்டினால் உறிஞ்ச ஆளில்லாத அலை மேக்னட்ரானுக்கே திரும்பி அதைக் கெடுக்கும். சுவரில் தெறித்துக் காய்ந்த உணவும் அலையை உறிஞ்சிக் கருகும். எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீரைச் சில நிமிடம் கொதிக்கவிட்டுத் துடைத்தால் அது எளிதில் வந்துவிடும். அதிக நேரம் ஓடிய வேர்க்கடலையோ பாப்கார்னோ உள்ளே பற்றிக்கொண்டால் கதவைத் திறக்கக் கூடாது. காற்று புகுந்தால் தீ எழும்பும். சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கதவு மூடியபடியே புகை அடங்கும்வரை விட்டால் தீ தானே அவியும். அதன் பிறகு மெக்கானிக் பார்க்காமல் அந்த ஓவனை ஓட்டக் கூடாது.